பதினான்காவது கேள்வி

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வெளிநாட்டில் ஆள் உண்டு. படிவத்தில் மட்டும் ஒருவருக்கும் கிடையாது.

ஏப்ரல் பிறந்தால் அந்தப் படிவம் வந்துவிடும். அணுமின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள், பார்த்து ஓய்வு பெற்றவர்கள், நிலையம் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் நிரப்பித் தர வேண்டும். பதினான்காவது கேள்வி இது: வெளிநாட்டில் நெருங்கிய உறவினர் உள்ளனரா? அவர்களுடன் தொடர்பு உண்டா? எதிரே இரண்டு சின்னக் கட்டங்கள். இரண்டிலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, அடுப்பில் சூப் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விடுவோம்.

என் மகள் ஆஸ்யா பின்லாந்தில் இருக்கிறாள். எங்கள் கடலின் அக்கரை. பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராகப் போனவள், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அந்த நாட்டுக் குடிமகளும் ஆகிவிட்டாள். பதினோரு வருடம். பதினோரு முறை அந்தக் கட்டங்களில் ‘இல்லை’ என்று எழுதினேன். என் படிவத்தில் மட்டுமல்ல, என் கணவர் அர்க்காதியின் படிவத்திலும் நான்தான் எழுதினேன். அவருடைய கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். “நீயே எழுது, ரிம்மா. நான் ஒப்பம் போட்டு ரெண்டையும் கொண்டுபோய்க் குடுத்துடறேன்” என்பார். நானும் கொடுத்து அனுப்புவேன்.

ஏன் பொய் எழுதினாய் என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் ஒரு வருடம் குடியிருந்து பார்க்கட்டும். எதிர் வீட்டு க்ளெப் கருவிப் பிரிவில் இருந்தவர், அவ்வளவு கெட்டிக்காரர். மகன் ஜெர்மனிக்குப் போனதை உண்மையாக எழுதினார். அடுத்த மாதமே அவருடைய நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். இப்போது எங்கள் கட்டடத்து வாசலில் பனி தள்ளுகிறார். தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அதைவிட வேறு பாடம் வேண்டுமா?

எனக்கு வேலை நிலையத்தின் சலவைக்கூடத்தில். உள்ளே போய் வருபவர்களின் வெள்ளை உடைகளைத் துவைத்து, ஒவ்வொன்றையும் கதிர்வீச்சு அளக்கும் கருவியின் முன் காட்டுவோம். கத்தினால் மறுபடி துவைப்போம். மூன்றாவது முறையும் கத்தினால் பையில் கட்டிப் புதைக்க அனுப்பிவிடுவோம். முப்பத்திரண்டு வருடம் இதைச் செய்தேன். இதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

அர்க்காதி முதலில் டர்பைன் கூடத்தில் இருந்தார். ஆஸ்யா போன மறுவருடம் அவரை அங்கிருந்து கடல்நீர் உள்ளே வரும் வாய்க்காலுக்கு மாற்றினார்கள். கம்பி வலையில் சிக்கும் பாசியையும் மீனையும் வாருகிற வேலை. ஏன் என்று கேட்டேன்.

“காது போச்சு. பரிசோதனைல பெயில். டர்பைன் சத்தத்துல அடைச்சுப்போச்சாம்” என்றார்.

அன்றிலிருந்து அவரிடம் கத்தித்தான் பேசினேன். ‘ரொட்டி வாங்கிட்டு வா’ என்று நான் சொன்னால் கீழ் வீட்டுக்காரி வாங்கி வந்துவிடுவாள் என்று ஊரே கேலி செய்தது. கோபம் வந்தால் ‘மீன் பொறுக்கி’ என்றும் கத்தியிருக்கிறேன். டர்பைன் கூடத்துக்காரன் பெண்டாட்டி என்ற பெருமை போய்விட்ட எரிச்சல் எனக்கு. அவர் சிரித்துக்கொண்டே தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆஸ்யா அவரோடுதான் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் கரையில் உட்கார்ந்திருக்கும்போது. நான் புத்தாண்டுக்கு ஒரு முறை பேசுவேன், அதுவும் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு. பீட்டர்ஸ்பர்க்குக்கு அவள் இரண்டு முறை வந்தாள். அவர் போய் ரயில் நிலையத்தில் பார்த்துவிட்டு வந்தார். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று நான் போகவில்லை.

இன்னொரு சண்டையும் உண்டு. ஏப்ரலில் கொர்யுஷ்கா மீன் வரும். வெள்ளரிக்காய் வாசம் அடிக்கும் குட்டி மீன். அதற்காக வருடம் முழுக்கக் காத்திருப்போம். முதல் நாள் பிடித்ததில் நல்ல மீனாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வெளியே போவார். வெறுங்கையோடு வருவார்.

“எவளுக்குக் குடுத்துட்டு வர்ற?” என்று கேட்பேன்.

“ஒரு சிநேகிதிக்கு. உன்னை விட மெதுவா பேசுவா” என்பார்.

போன ஜனவரியில் மருத்துவர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். நுரையீரல். ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரயோஜனம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், மார்ச்சைப் பார்த்தால் அதிர்ஷ்டம். ஐந்தாவது மாடிக்கு நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். இனி அவரைப் படியில் இறக்க வேண்டாம், இறக்கும்போதே முடிந்துவிடும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஜன்னலோரம் கட்டிலைப் போட்டேன். அங்கிருந்து நிலையத்தின் வெந்நீர் கடலில் விழும் இடம் தெரியும். அங்கே மட்டும் பனி உறையாது. தெற்கே போகத் தெரியாத அன்னங்கள் அங்கேயே நீந்திக்கொண்டிருக்கும். அர்க்காதி அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஆஸ்யா வரட்டும். ஸ்டேஷன்ல இல்ல. இங்க. இந்த வீட்டுக்கு.”

வேறு எதுவும் அவர் என்னிடம் கேட்டதில்லை. சரி என்று கத்தினேன்.

எங்கள் ஊருக்குள் வெளியாள் யாரும் சும்மா வந்துவிட முடியாது. பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால் சாலையின் குறுக்கே தடுப்புக் கம்பம். உள்ளே இருப்பவர் மனுப் போட்டு, அனுமதிச் சீட்டு வந்தால்தான் கம்பம் தூக்கப்படும். அந்தச் சீட்டு அலுவலகத்தில் இருபது வருடமாக நினெல் பாவ்லோவ்னா உட்கார்ந்திருக்கிறாள். தடித்த கண்ணாடி, தோளில் ஆட்டுமயிர்ச் சால்வை. அவளிடம் போய் உண்மையைச் சொன்னேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பின்லாந்தில் இருக்கிறாள், அப்பா சாகக் கிடக்கிறார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“உங்க வீட்டுக்காரர்தான் வருஷா வருஷம் எழுதிக் குடுக்கறாரே.”

எழுந்து போய் இடப்பக்க அலமாரியைத் திறந்து ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். படிவங்கள். அடியில் கிடந்த ஒன்றைத் தவிர எதிலும் என் எழுத்து இல்லை. கோழி கிளறிய மண். பதினான்காவது கேள்வி, முதல் கட்டத்தில் ‘மகள் ஆஸ்யா’, இரண்டாவதில் ‘உண்டு. ஒவ்வொரு ஞாயிறும்’. முதல் வருடம் மட்டும்தான் நான் எழுதியது. மறுவருடத்திலிருந்து நான் நிரப்பித் தந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்த அலுவலகத்து மேசையிலேயே உட்கார்ந்து வேறு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“அதான் டர்பைன் கூடத்துல இருந்து எடுத்தாங்களா?”

“பின்ன? உங்ககிட்ட என்ன சொன்னாரு?”

“காதுன்னு சொன்னாரு.”

நினெல் பாவ்லோவ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அவர் காதுக்கு என்ன? நான் முணுமுணுக்கறதே கேக்கும் அவருக்கு.”

அந்தப் படிவங்களுக்குக் கீழே இன்னும் சில தாள்கள் இருந்தன. மகள் வீட்டுக்கு வந்துபோக அனுமதி கேட்கும் மனுக்கள். பத்து. ஒவ்வொன்றின் மேலும் ‘மனுதாரரே திரும்பப் பெற்றுக்கொண்டார்’ என்று குறுக்கே எழுதியிருந்தது.

“உங்க சலவைக்கூடம் வேற பிரிவு. உங்க ஃபைல் அந்த அலமாரி, அவரோடது இந்த அலமாரி. ரெண்டும் பேசிக்காது” என்றாள். “ஆனா பாஸ் கேட்டா வீட்ல இருக்கற எல்லார் ஃபைலையும் சேர்த்து மேல அனுப்பணும். ‘ஐயா, அனுப்பிருவேன், ஆனா உங்க வீட்டம்மா ‘இல்லை’ன்னு எழுதியிருக்காங்க, மாட்டிப்பாங்க, அனுப்பவா?’ன்னு கேப்பேன். அந்த நாற்காலில கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாரு. அப்புறம் ‘வேணாம்’ம்பாரு. மீனை மட்டும் வெச்சிட்டுப் போயிருவாரு.”

என்னால் அந்த நாற்காலியில் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. ஆனால் எழுந்துகொள்ளவும் முடியவில்லை.

விளக்கக் கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினேன். பதினோரு ஆண்டுகளாக அறிந்தே பொய்த் தகவல் கொடுத்தேன், என் பெயர் ரிம்மா எகோரொவ்னா. கோப்பு சுத்தமாக இருப்பது அர்க்காதிக்குத்தான் என்பதால் அழைப்பவர் இடத்தில் அவர் பெயரையே போட்டோம். வருகையின் காரணம்: நோயுற்ற தந்தையைக் காண. வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நாற்பத்தைந்து நாள். சுருக்க முடியுமா என்று கேட்டேன். நினெல் பாவ்லோவ்னா உதட்டைப் பிதுக்கினாள். அன்று ஜனவரி இருபது. விரல்விட்டு எண்ணினால் மார்ச் ஐந்தோ ஆறோ வரும்.

மறுநாள் சலவைக்கூட வாசலில் என் நுழைவு அட்டை பச்சை காட்டவில்லை. இரண்டாவது முறை வைத்துப் பார்த்தேன், மூன்றாவது முறையும். காவலாளி என்னைப் பார்க்காமல், “வீட்டுக்குப் போங்க, ரிம்மா எகோரொவ்னா” என்றான். முப்பத்திரண்டு வருட வேலை, வணக்கம் சொல்லக்கூட ஆளில்லாமல் முடிந்தது. வருகிற வழியில் க்ளெப் பனி தள்ளிக்கொண்டிருந்தார். இந்த முறை அவர் முதலில் வணக்கம் சொன்னார்.

மேலே வந்து அர்க்காதியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தாமல், சாதாரணமாகக் கேட்டேன்:

“சூப் குடிக்கிறியா?”

அவர் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினார்.

“நினெல் சொல்லிட்டாளா?”

“எருமை மாடே, பத்து வருஷம் கத்தினேனேடா! தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“முதல்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பழகிப்போச்சு. நீ கத்தினா வீட்ல ஆள் இருக்கற மாதிரி இருந்துச்சு.”

“எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் எழுதியிருப்பேன்.”

“எழுதியிருக்க மாட்ட” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். “நீ பயந்தவ, ரிம்மா. பயந்தவளைப் பிடிச்சுத் தள்ள எனக்கு மனசு வரலை. ஆனா நீயா ஒரு நாள் எழுதுவன்னு நெனைச்சேன். ஒவ்வொரு ஏப்ரலும் நெனைச்சேன்.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய்ச் சத்தத்தைத் தாண்டியும் அவருக்குக் கேட்டிருக்கும்.

ஆஸ்யாவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. என் விளக்கக் கடிதத்தோடு சேர்க்க, தாயோடு தொடர்பு இருந்தது என்று அவளும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அங்கே எங்கோ ஒரு குழந்தை பின்னிஷ் மொழியில் ஏதோ கேட்டது. என் பேத்தி. அவளுக்கு ஆறு வயது, நான் பார்த்ததில்லை.

“இத்தனை வருஷமும் சர்க்கார்தான் விடலைன்னு நெனைச்சுட்டிருந்தேன்” என்றாள் ஆஸ்யா. “அப்பா அப்படித்தான் சொன்னாரு. ‘அவங்க விட மாட்டேங்கறாங்கம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்’னு.”

“ஆஸ்யா…”

“இப்ப வேணாம். முதல்ல அப்பாவைப் பாக்கறேன். மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.”

பிப்ரவரிக் கடைசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தடுப்புக் கம்பத்துக்கு வெளியே இருக்கும் சிற்றூரில் ஓர் அறை எடுத்துத் தங்கினாள். சீட்டு வந்த நிமிடமே உள்ளே வந்துவிடலாம் என்று. தினமும் மதியம் கூப்பிடுவாள். நான் போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வேன்.

“எங்க நிக்கிற?” என்று கேட்பார்.

“கம்பத்துக்கு இந்தப் பக்கம், ரொட்டிக் கடைகிட்ட.”

“பதினெட்டு கிலோமீட்டர்தானே. சூப்பைக் குடிச்சிட்டு நடந்தே வந்துடறேன்.”

அவள் சிரிப்பது எனக்கும் கேட்கும். போனை என்னிடம் கொடு என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. தினமும் காலையில் நான் நினெல் பாவ்லோவ்னாவிடம் போய் நிற்பேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள், திரும்பி வருவேன். வாசலில் என்னைப் பார்த்ததுமே தலையாட்டத் தொடங்கியிருந்தாள், படியேற வேண்டாம் என்பதற்காக.

மார்ச் முதல் தேதி காலை பதினோரு மணி இருக்கும். அடுப்பில் சூப்பைச் சுட வைத்துக்கொண்டே கூப்பிட்டேன். “அர்க்காஷா, ரொட்டியும் வேணுமா?” மெதுவாகத்தான் கூப்பிட்டேன். அந்த நாற்பது நாளில் நான் மெதுவாகக் கூப்பிட்டு அவர் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. மறுபடி கூப்பிட்டேன். அப்புறம் பழைய பழக்கத்தில் கத்தினேன். கீழ் வீட்டுக்காரிதான் ஓடி வந்தாள்.

இறப்புப் பதிவு அலுவலகத்தில் அவருடைய அடையாளப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இறப்புச் சான்றிதழைத் தந்தார்கள். நிலையத்தின் பேருந்து சவப்பெட்டியை ஏற்றிக்கொண்டது. இடுகாட்டுக்கு முன்னால் தடுப்புக் கம்பம் வரைக்கும் போய்வர முடியுமா என்று ஓட்டுநரைக் கேட்டேன். டர்பைன் கூடத்தில் அர்க்காதியோடு இருந்த பழைய ஆள் அவர். வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார்.

கம்பத்துக்கு அப்பால் ஆஸ்யா நின்றாள். குட்டையாக வெட்டிய முடியில் நரை. என் நினைவில் அவளுக்கு இருபத்து நான்கு வயதுதான். கையில் நான்கு சிவப்புக் கார்னேஷன் பூக்கள். இறந்தவருக்கு இரட்டைப்படையில்தான் தர வேண்டும் என்பதை அந்த ஊருக்குப் போயும் மறக்கவில்லை.

காவல் அறையிலிருந்து ஒரு நடுவயதுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். ஓட்டுநர், பத்து மீட்டர் வெளியே போய்த் திரும்பிவிடுகிறோம் என்றார்.

“வெளிய போறதுன்னா போங்க, யாரு தடுத்தா? திரும்பி உள்ள வர பெரியவர்கிட்ட என்ன பேப்பர் இருக்கு?”

“செத்துப்போனதுக்கு சர்ட்டிபிகேட் இருக்கு.”

“அது செத்ததுக்குங்க. உள்ள வர்றதுக்கு இல்லையே. அடையாளப் புத்தகம்?”

“அதை வாங்கிக்கிட்டாங்களே!”

“அப்ப வெளிய போனா அவர் வெளியாளுங்க. நான் என்ன பண்ணட்டும், தாயீ?” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் முகம் உண்மையிலேயே சங்கடப்பட்டது. அதுதான் கொடுமை. ஒரு கெட்டவன் கூட அகப்படவில்லை, காறித் துப்ப.

ஓட்டுநர் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பிக் கம்பத்துக்கு எவ்வளவு நெருக்கமாக நிறுத்த முடியுமோ அவ்வளவு நெருக்கமாக நிறுத்தினார். பின்கதவைத் திறந்து, பெட்டியின் மூடியை நகர்த்தினோம். ஆஸ்யா கம்பத்தின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி எட்டிப் பார்த்தாள். நெற்றியும் மூக்கும் தெரிந்திருக்கும். காவலர் அவளிடமிருந்து பூக்களை வாங்கி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, அவரே பெட்டியில் வைத்தார். பிறகு மறுபடி மூக்கை உறிஞ்சினார்.

நான் கம்பத்தருகே போனேன். தொட்டிருக்கலாம். அவள் கைகளை எடுத்துக்கொண்டாள்.

“கஷ்டப்பட்டாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லை” என்றேன். அதுவும் பொய்.

மார்ச் ஆறாம் தேதி நினெல் பாவ்லோவ்னா கூப்பிட்டனுப்பினாள். சீட்டு வந்துவிட்டது. முத்திரை, கையொப்பம், எல்லாம் சரியாக இருந்தது. அவள் அதை என் கையில் தரவில்லை.

“அழைச்சவர் இல்லை, காரணமும் இல்லை. இது செல்லாதுங்க” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “இப்ப நீங்க அழைக்கலாம். காரணம்னு ‘தாயைக் காண’ன்னு போட்டு, உங்க பொண்ணு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். உங்க ஃபைல்தான் இப்ப நேராயிருச்சே. நாப்பத்தஞ்சு நாள்ல வந்துரும்.”

அங்கிருந்தபடியே ஆஸ்யாவைக் கூப்பிட்டேன். அவள் பின்லாந்துக்குத் திரும்பியிருந்தாள். கடகடவென்று சொல்லி முடித்தேன். ஒரு கையெழுத்து, நாற்பத்தைந்து நாள், அப்பா கல்லறையைப் பார்க்கலாம், பிள்ளையையும் கூட்டி வா, ஜன்னலிலிருந்து அன்னம் தெரியும்.

“மா, அந்தக் கட்டத்துல பதினோரு வருஷமா நான் இல்லை” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை, அப்பனைப் போல. “அப்படியே இருக்கட்டும். இனிமே கூப்பிடாத.”

மறுநாள் கூப்பிட்டேன். அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்டேன். மார்ச் முடிவதற்குள் அந்த எண்ணே இல்லாமல் போயிற்று.

ஏப்ரலில் படிவம் வந்தது. வேலை போனாலும் வீடு இன்னும் இருக்கிறது. வீடு இருக்கும்வரை படிவமும் உண்டு. இந்த முறை ஒன்றே ஒன்றுதான். நிரப்பி, நானே கொண்டுபோனேன். தெருவெல்லாம் கொர்யுஷ்கா வாசம்.

நினெல் பாவ்லோவ்னா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பதினான்காவதில் விரல் நின்றது. முதல் கட்டத்தில் ‘மகள் ஆஸ்யா’ என்றிருந்தது. இரண்டாவதில் ‘இல்லை’.

“என்னங்க இது, ரிம்மா எகோரொவ்னா? இன்னும் எதுக்குப் பயந்து பொய் எழுதறீங்க?” என்றாள்.

“பொய் இல்லைங்க” என்றேன்.

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். பிறகு ‘சரிபார்க்கப்பட்டது’ முத்திரையை மைத்திண்டில் அழுத்தி எடுத்து, அந்தக் கட்டத்தின் பக்கத்தில் வைத்தாள்.